சாப்பிட்ட பிறகு போடும் மாத்திரை

ஆடி, செவ்வாய் ராத்திரி.

நான் சொல்கிறேன், எழுதத் தெரிந்த என் சம்சாரம் எழுதுகிறாள்.

இன்றைக்கு ஓசூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள். ஏறியிருந்தது. நர்சம்மா கோபித்தாள். "மாத்திரையை மறந்துட்டீங்களா தாத்தா? இனி ஊசிதான்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் எதையும் மறக்கறவன் இல்ல. போன மாசம் இதே நாற்காலியில உட்கார்ந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? எங்க வீட்டுல ராத்திரியில சாப்பாடில்ல. அதனால போடல."

அவள் உள்ளே போய் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வந்தாள். அது மருந்துக்கு இல்லை, பக்கத்து அறையில் இல்லாதவர்களுக்குச் சும்மா சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்காம். ராகி மாவு, துவரம்பருப்பு, முட்டை கொடுத்தார்கள். மாசாமாசம் உண்டாம். ஊசியை அடுத்த மாசம் பார்க்கலாம் என்றுவிட்டார் டாக்டர்.

ராத்திரி இரண்டு பேரும் களி தின்றோம். இன்றைக்குத்தான் நர்சம்மா சொன்னபடி மாத்திரை போட்டேன்.

சிரிக்காதடி, அதையும் எழுது.