மோரக் அன்ரியின் அட்டை

அன்புக்கு ஒருநாளும் குறை வைக்காத மோரக் அன்ரி,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? உங்களுக்காக எழுதியவைதான் நூற்றுக்கணக்கில். உங்கள் சமையலறை மேசையில் இருந்து, நீங்கள் சொல்லச் சொல்ல, எடின்பரோவுக்கும் கனடாவுக்கும் நியூசிலாந்துக்கும் ரைப்ரைட்டரில் அடித்தேன். இப்போதுதான் முதல் தடவையாக நானே சொல்லி நானே எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்ற துணிவு இல்லாவிட்டால் இதில் பாதியைச் சொல்லியிருக்கமாட்டேன்.

பீல் நகரம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஓர் இளம் தம்பதி குடிவந்திருக்கிறார்கள். யன்னலில் சிவப்பு ஜெரேனியம் பூச்சாடி வைத்திருக்கிறார்கள், நீங்கள் கண்ணெடுத்தும் பார்க்காத அதே சிவப்பு. சங்கத்தின் பெட்டிகளும் ரைப்ரைட்டரும் எங்கள் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. தொழிற்சாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே என் கணவர் அந்தோனிக்கு அவை கண்ணில் படும்.

"எங்கட ஊர்ச் சங்கத்துக்கு வாரும் எண்டால் தலையிடி எண்டுவீர். பாவாடை கட்டின ஆம்பிளையளின்ரை சங்கத்துக்கு மட்டும் செயலாளர்."

"அது பாவாடை இல்லை. கில்ட்."

"என்னவோ. காத்தடிச்சால் ரெண்டும் ஒண்டுதான்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊர், குலம், பரம்பரை என்ற சொற்களைக் கேட்டாலே விலகிப் போகிறவள் நான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தது ஒரு காரணம். எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த கலியாணப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தது அதைவிடப் பெரிய காரணம். அப்படிப்பட்டவள் உங்களுக்குப் பின் ஒரு ஸ்கொட்லாந்துக் குலத்தின் சுவிஸ் கிளைக்குச் செயலாளரானது எப்படி என்று இதை வாசிக்கும் தமிழர்கள் கேட்பார்கள். குலத்தின் பெயரை எழுதவில்லை. உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் பொல்லாதவர்கள், உங்களுக்குத் தெரியும்.

முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருக் கடையின் அறிவித்தல் பலகையில், ஆங்கிலத்தில் ரைப் அடிக்கத் தெரிந்தவர் தேவை என்ற உங்கள் துண்டைக் கண்டேன். வாதம் உங்கள் விரல்களை வளைத்துவிட்டிருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "உம்முடைய ஆக்கள் ஆர்?" (நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னவை எல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்திருக்கின்றன. மன்னிக்கவேண்டும்.)

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே கருத்துத்தான். இவ்வளவு தூரம் வந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வாயாலும் இதைக் கேட்கவேண்டுமா? கோப்பையை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தேன்.

"கேட்டது பிழையோ?"

"எங்கட ஊரிலை இதைக் கேட்டுத்தான் உள்ளுக்கு விடுறதோ விடாததோ எண்டு பாப்பினம்."

"நான் கேட்டது, உமக்கு ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்கிறது எண்டு."

நான் மறுபடி இருந்தேன். அப்படியே ஏழு வருடம் இருந்துவிட்டேன்.

உங்கள் பிஸ்கற் ரின்னுக்குள் சங்கத்தின் அட்டைகள், முன்னால் குலத்து உறவினர் பகுதி, பின்னால் நண்பர் பகுதி. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒன்று: பெயர், முன்னோரின் ஊர், தாய், தகப்பன், பாட்டன், பூட்டன். ஸ்கொட்லாந்தில் பிறந்தவர்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவார்கள். மற்றவர்களெல்லாம் எப்போதோ இங்கே வந்து சுவிஸ் பெண்ணைக் கட்டிய ஒரு பொறியியலாளரின், ஓர் ஆங்கில வாத்தியாரின் பேரப்பிள்ளைகள். பீலின் இரண்டு மொழிகளான ஜேர்மனும் பிரெஞ்சும் பேசுவார்கள், ஆங்கிலம் தட்டித் தடவித்தான் வரும். அவர்கள் கட்டங்கட்டமான குலத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்கலங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். இந்தக் கோலங்களில் பல, நெசவு வியாபாரிகள் பிற்காலத்தில் உண்டாக்கியவை என்று படித்ததை ஒருநாள் உங்களிடம் சொன்னேன்.

"தெரியும் பிள்ளை," என்றீர்கள். "உங்கட கூறைச்சேலையை மட்டும் ஆண்டவரோ வந்து நெய்தவர்?"

உங்கள் அட்டையில் பெயர் மட்டும் இருந்தது. கீழே எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரு சொல்: பிறகு. செயலாளரின் அட்டையே இப்படி இருக்கலாமா என்று நான் இரண்டு மூன்று தரம் கேட்டேன். "என்ரையை ஆறுதலாய் எழுதுவம். முதலிலை கடிதத்துக்குப் பதிலை அடியும்." அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆட்களின் பூர்வீகத்தைத் தோண்டுவது பிடிக்காது என்று சொல்லித்திரிகிற எனக்கு, தோண்டாமல் விடுவது எப்படியென்று தெரியவில்லை.

ஆவணி ஒன்றுகூடலை நினைக்கிறேன். மலை ரயிலில் மக்லிங்கனுக்கு ஏறிப்போய், காட்டு ஓரப் புல்வெளியில் கூடுவோம். காற்றுப்பை வைத்த பைப் குழல் வாசிக்கிறவர் பேர்ண் பக்கத்துத் தபால்காரர். அவருக்குக் குலமும் இல்லை கோத்திரமும் இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. குலத்தவர் எல்லோரும் தாம் வாழும் இடத்திலிருந்து ஒரு கல் கொண்டுவந்து குவியலில் வைப்பார்கள். பிறகு அந்த வருடம் இறந்தவர்களின் பெயர் கூப்பிடப்படும். முதலில் உறவினர் பட்டியல், குலத்தில் பிறந்தவர்கள்: இன்னாரின் மகள், இன்னாரின் பேத்தி என்று, ஒவ்வொரு பெயருக்கும் குவியலில் ஒரு கல். அடுத்தது நண்பர் பட்டியல்: பெயர் மட்டும். அவர்களுக்குக் கல் கிடையாது. நான் நண்பர் பட்டியல்காரி. ஆட்டுக்குடலுக்குள் ஈரலும் மாவும் அடைத்து அவிக்கும் உங்கள் சாப்பாட்டில் ஒரு வருடம் நான் கேட்காமலே மிளகாய்த்தூள் போட்டேன். தலைவர் ஈவன் மூன்றாந்தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தன் பாட்டியின் கைப்பக்குவம் அப்படியே இருக்கிறது என்றார். நீங்கள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தீர்கள்.

இன்னொரு நாளும் இருக்கிறது. வதிவிட அனுமதி அலுவலகத்தில் என் பிறப்புப் பதிவின் மூலப்பிரதியைக் கேட்டார்கள். அதை வைத்திருந்த எங்கள் கிறிஸ்தவக் கோயில் எரிந்துபோயிருந்தது. ஞானஸ்நானப் புத்தகம் எரிந்தால் ஓர் ஆள் பிறக்கவில்லை என்றா ஆகும்? நான் அலுவலரின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று கைப்பைக்குள் வேறு கடதாசி தேடினேன். நீங்கள் பொல்லை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தீர்கள். வேர்னர் உங்களைக் கட்டி இங்கே கூட்டிவந்து நாற்பது வருடமாகியும் திருந்தாத உங்கள் ஜேர்மனில், "இவவை எனக்குத் தெரியும்," என்றீர்கள். அவ்வளவுதான். அந்த அலுவலர் இன்னொரு படிவத்தை எடுத்தார்.

மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. அறிவிக்கவேண்டியவர் என்று நீங்கள் கொடுத்திருந்தது எங்கள் இலக்கத்தை.

இனித்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ளவேண்டியது வருகிறது.

சங்கத்தின் செய்தி மடலுக்கு மரண அறிவித்தல் எழுதவேண்டியிருந்தது. எனக்கு எங்கள் முறையில்தான் எழுதத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னார் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி. எங்கள் பத்திரிகைகளில் ஒருவரும் இதில் ஒரு வரியைக்கூட விடுவதில்லை. விட்டால் செத்தவருக்கு அவமானம். உங்கள் பிறப்பிடம் என் கையில் இல்லை. அதனால் நீங்கள் எப்போதும் சொல்லும் ஸ்கொட்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள கோயிலுக்குச் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதிக் கேட்டேன். ஒரு நல்ல அறிவித்தல் போடவேண்டும் என்ற ஆசையில் கேட்டேன். வேறொன்றும் இல்லை.

கடிதத் தாளில் இருந்தது தலைவரின் ஜெனீவா விலாசம். பதில் அவருக்குப் போனது.

"மோரக் எங்கட குலத்திலை பிறக்கேல்லை," என்றார் தொலைபேசியில். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் கூட. "உமக்குத் தெரியுமோ?"

கிளாஸ்கோ நகரத்தில் ஆதரவற்ற குழந்தைகளை அந்தக் காலத்தில் வடக்கே மலைநாட்டுக் குடியானவர் வீடுகளில் வளர்க்க விடுவார்களாம். அப்படி மூன்று வயதில் வந்த பிள்ளை நீங்கள். தாய் ஜீன், துணி ஆலைத் தொழிலாளி. தகப்பன் பெயர் இல்லை. வளர்த்தவர்களின் பெயரைத்தான் பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்கிறார்கள். நீங்கள் நடத்திய சங்கத்தின் குலப்பெயர் அது.

"அவவை நண்பர் பட்டியலிலை வாசிப்பம்," என்றார் ஈவன். "மரியாதையாய்த்தான் வாசிப்பம்."

"கல்?"

"பிலோமினா, என்ரை பூட்டன்ரை குடிசையைக் கொளுத்திப்போட்டு அவரைக் காணிக்காரங்கள் துரத்தினவங்கள். அந்தப் பேர் மட்டும்தான் அவரோடை கப்பல் ஏறினது. அதை விரும்பினவை எல்லாம் எடுக்கலாமோ?"

எரித்துத் துரத்தப்பட்டவர்களைப் பற்றி நான் அவரிடம் என்ன வாதாட? வளர்த்தவர்களையே பெற்றோர் என்று அறிவித்தலில் எழுதி அனுப்பியிருக்கலாம் என்றும் நினைத்தேன். பதில் மட்டும் என் கைக்கு வந்திருந்தால் எழுதியிருப்பேனோ? இன்றுவரை தெரியாது. நீங்கள் வாயால் சொல்லாததை நான் தபாலில் கேட்டேன். அது மட்டும் தெரியும்.

ஆவணியில் மழை தூறியது. சூஸ் ஆற்றங்கரையில் பொறுக்கிய கல்லைக் கைப்பையில் வைத்திருந்தேன். என்னோடு வந்த அந்தோனி, "பேசாமல் இருந்திட்டு வாரும், அவங்கட சங்கம்," என்று ரயிலில் இரண்டுதரம் சொன்னார். ஈவன் உறவினர் பட்டியலில் ஒரு பெயரை வாசித்தார், லொசானில் இறந்த ஒரு கிழவரை. தாளைத் திருப்பினார். "இனி நண்பர்கள்," என்றார்.

நான் எழும்பினேன். அந்தக் கூட்டத்தில் ஏழு வருடமாக வாய் திறக்காதவள். எழுதி வைத்திருந்ததை எடுத்து வாசித்தேன். வாசித்தது ஆங்கிலத்தில், வரிகள் எங்களுடையவை.

கிளாஸ்கோவைப் பிறப்பிடமாகவும், மலைநாட்டை வளர்ப்பிடமாகவும், பீலை வதிவிடமாகவும் கொண்ட மோரக். ஜீனின் மகள். தம் பெயரைக் கொடுத்து வளர்த்த இருவரின் வளர்ப்பு மகள். காலஞ்சென்ற வேர்னரின் மனைவி. இந்தச் சங்கத்தின் செயலாளர்.

"இதுக்கு என்ன ஆதாரம் வைச்சு உறவினர் பட்டியலிலை போடுறது?" என்று ஈவன் கேட்டார். தணிவாகத்தான் கேட்டார்.

"அவவை எனக்குத் தெரியும்," என்றேன்.

லா ஷோ-து-ஃபோனிலிருந்து வரும் பல் வைத்தியர் ஒடெத்தை நினைவிருக்கிறதா? உங்களுக்கு இனிப்பைத் தடைசெய்துவிட்டுச் சொக்லேற்றும் கொண்டுவருகிறவர். குடைக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது. "என்ரை அட்டையிலும் பாட்டன்ரை இடம் வெறுமைதான், ஈவன். பிறகு எழுதுவம் எண்டு மோரக் சொன்னவ. அந்தப் பிறகு இன்னும் வரேல்லை. என்னையும் இறக்கிவிடப் போறீரோ?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் சாப்பிடாமலே அடுத்த ரயிலில் இறங்கிப் போயின. ஈவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். "என்ரை கை எழுதாது. நீர் எழுதும்."

எழுதினேன். மழையில் மை கொஞ்சம் ஊறியது. அதன்பின் கல்லைக் கொண்டுபோய் வைத்தேன். நண்பர் பட்டியல்காரி கல் வைப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை. ஈவன் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அது அனுமதியா, கோபமா? இதுவரை நான் கேட்கவில்லை. அடுத்த மடலுக்கு வேண்டிய விபரங்களைப் போன கிழமை வழமைபோல அனுப்பியிருக்கிறார்.

இறங்கும்போது அந்தோனி கேட்டார்: "அந்த அறிவித்தல் எங்கட பேப்பர் மாதிரியே கிடந்தது. மருமக்கள், பேரப்பிள்ளையள் எண்டு ஒருத்தரையும் போடேல்லையே?"

"அவவுக்கு ஒருத்தரும் இல்லை."

"ஓமோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அட்டையை எடுத்தேன். தாய் என்ற கட்டத்தில் ஜீன் என்று எழுதினேன். மற்றக் கட்டங்களுக்குரிய உங்கள் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. திருப்பி வைக்கும்போது அதற்குப் பின்னால் இன்னோர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வளைந்த விரல்கள் எழுதிய கோணல் எழுத்து. என்னிடம் சொல்லி அடிப்பித்திருக்க முடியாதுதானே. என் பெயர். ஊர், யாழ்ப்பாணம். அதற்குக் கீழே, பிறகு. அது நண்பர் பகுதியில் இருக்கவில்லை.

இரத்தம், குலம் என்பவற்றை நான் இப்போதும் நம்பவில்லை, அன்ரி. ஆனாலும் அந்த அட்டையை இடம் மாற்றவில்லை.

நான் கடிதம் போட்டுக் கேட்டதற்கு நீங்கள் கோபிப்பீர்களா? கோபித்தாலும் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் ஏசியிருப்பீர்கள்.

பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்ததும் கிளாஸ்கோவுக்குப் போவேன். ஜீன் வேலை செய்த ஆலை இருந்த தெரு எதுவென்று விசாரித்து, அங்கிருந்து ஒரு கல் எடுத்துவந்து, வருகிற ஆவணியில் ஆற்றுக்கல்லுக்குப் பக்கத்தில் வைப்பேன். அந்தப் பிஸ்கற் ரின் என் கையில் இருக்கும்வரை, பிறகு என்று நீங்கள் எழுதிய ஓர் அட்டையையும் எடுத்து எறியமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பெறாமகள்,
பிலோமினா
பீல்