பியூலா டீச்சர் சாட்சி சொன்ன நாள்

மொபைல் நகரம், அலபாமா, அமெரிக்கா
8 பிப்ரவரி 2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் அருமை மனைவி ஜெயஸ்ரீ எழுதுவது. போனில் பேசினால் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச மாட்டீர்கள் அல்லவா!

சட்டப் படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் காசிமேட்டிலிருந்து கிளம்பினேன். இப்போது இன்னும் சில மாதம் என்கிறேன். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கால்வின் ஹார்க்னஸை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. எங்கள் இலவசச் சட்ட மையம் எடுத்திருக்கும் வழக்கு அவருடையது. கறுப்பினத்தவர். ஒரு கடைக்காரரைச் சுட்டதாக இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவர். நான் செய்யவில்லை என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒருவர் குற்றவாளியா என்று முடிவு செய்வது ஊர்மக்கள் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. கறுப்பினத்தவருக்கு ஜூரியில் இடமில்லை என்ற சட்டம் செல்லாது என்று 1880லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. இனத்துக்காக யாரையும் நீக்கக் கூடாது என்று 1986இல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் பிறகுதான் கால்வின் வழக்கு! ஜூரிக்கு வந்த கறுப்பினத்தவர் எல்லோரையும் அரசு வக்கீல்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி நீக்கிவிட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் ஜெயா

காசிமேடு
3 மார்ச் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது பட்டறையில் ஒரு படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தேன். கோபத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். "இன்னாடா எழுதிகீறா? சத்தமா படி" என்றாள் அம்மா. ஏலத்துக்குக் கிளம்பியவள், மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க ஆளு ஒர்த்தர்கூட இல்லாமயா தீர்ப்பு சொன்னாங்கோ?"

"ஆமாம்மா."

"அவரு வூட்ல யாரு கீறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் எழுது.

மறுநாள் ஏலத்தில் கார்குழலி அக்கா, மருமகள் எப்போது வருவாள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த மன்ஷன் வெளிய வந்தப்புறம் வருவா. ஒனக்கு இன்னாடி அவசரம்?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டாள். இதே கேள்வியால் இத்தனை நாள் என்னைக் குடைந்தவள்! இனி உன்னைப் பற்றி யாரிடம் குறை சொல்வேன்?

வேலையை முடித்துவிட்டே வா.

உன் தீபன்

மொபைல்
20 மே 2025

அன்பு மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! கால்வின் வெளியே வந்துவிட்டார்!

அன்று ஜூரியிலிருந்து நீக்கப்பட்ட பியூலா டீச்சரைத் தேடிப் பிடித்தோம். எண்பதை நெருங்குகிறார். மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். "டீச்சர் என்பதால் என்னை வேண்டாம் என்றார்கள். ஆனால் என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த இரண்டு வெள்ளைக்கார டீச்சர்களை உட்கார வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் வேறு என்ன வித்தியாசம்?" என்று அரசு வக்கீலையே திருப்பிக் கேட்டார்.

இனத்துக்காகத்தான் நீக்கியிருக்கிறார்கள் என்று பழைய தீர்ப்பை நீதிபதி ரத்து செய்தார். மறுவிசாரணைக்குச் சாட்சியே இல்லை என்று அரசும் வழக்கைக் கைவிட்டது. அத்தை கேட்டாரே, கால்வினுக்கு ஒரு தங்கை இருக்கிறார். சிறை வாசலில் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதவர், அடுத்த நிமிடமே "ஏன் இப்படி இளைத்துப் போனாய்?" என்று திட்ட ஆரம்பித்துவிட்டார். நேராக இறால் வறுவல் கடைக்குப் போனோம். கால்வின் மூன்று தட்டு சாப்பிட்டார்.

இன்னொன்று. மையத்தில் இரண்டு வருட வேலை தருகிறார்கள். இதே போல இன்னும் பலர் உள்ளே இருக்கிறார்கள். எனக்கு ஆசை. உங்களைப் பிரிந்து இருக்கவும் முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ஜெயா

காசிமேடு
9 ஜூன் 2025

என் ஜெயாவுக்கு,

அம்மா ஏலக் கூடம் முழுக்க ஜிலேபி கொடுத்துவிட்டாள். உன் கேள்வியையும் படித்துக் காட்டினேன். "அந்த ஊர்ல கடல் கீதா?" என்றாள். இருக்கிறது, இறால் படகும் இருக்கிறது என்றேன்.

"படகு இருந்தா இன்ஜின் ரிப்பேர் ஆவாமயா பூடும்? நீயும் போடா. ரெண்டு வருசம் நான் இருந்துக்கமாட்டனா?"

வேலையை ஒத்துக்கொள். விசா கிடைக்க எத்தனை நாள் ஆனாலும் நான் வருகிறேன்.

இன்று டோல்கேட் கடைத்தெருவில் விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போனேன். "சிரிக்காம நேரா பாருண்ணா" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் முடியவில்லை. நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

உன் தீபன்