சுவருக்குள் தண்ணீர்ச் சத்தம்

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு லோகேஸ்வரி காலையிலேயே கதவைத் தட்டி சைவ மட்டன் குழம்பு கொண்டுவந்தாள். சோயாவில் செய்த ஆட்டுக்கறி! கறியை விட்டுவிட்டோம் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, கறி மாதிரியே இருப்பதைத் தேடித் தேடித் தின்கிறோம். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். உப்பும் உறைப்பும் தூக்கலாக இருந்தது. இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 21, சனி

கோவிலில் நீண்ட வரிசை. இன்று தண்ணி மாத்திரை போடவில்லை. போட்டால் பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வரிசையில் இடம் போய்விடும். யோசனை லோகேஸ்வரியுடையது. அவளுக்கும் எனக்கும் ஒரே கிளினிக், ஒரே மாத்திரை. "சனிக்கிழமைன்னா நானும் போட மாட்டேன்கா. ஒரு நாள்தானே, ஒன்னும் ஆவாதுலா."

தரிசனம் முடிந்து வந்தால் என் சிலிப்பரை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அதே கறுப்பு, அதே பூ, ஆனால் அளவு சின்னது. கோவிலுக்கு வருகிறவர்களின் லட்சணம் இது. குதிகால் வெளியே தொங்க, பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்கள் முழுக்க நடந்து வீடு வந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

காலையில் ஹாலில் மாப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து படுக்கையில் உட்கார்ந்து தலை துவட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பாத்ரூமிலிருந்து என் கட்டில்வரை ஈரக் கால்தடம். அகலமான, நடுவில் குழிவே இல்லாத தட்டைப் பாதம். என் கால் அப்படிக் கிடையாது. "குருவிக் கால்" என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை கேலி செய்வார். அவர் போய் நாலு வருஷமாகிறது. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. மின்விசிறியைப் போட்டுத் தரையைக் காயவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

இப்போதெல்லாம் மாத்திரையைத் தொடுவதே இல்லை. ஓட்டம் இல்லாமல் சுகமாகத்தான் இருக்கிறது. கால் மட்டும் கனக்கிறது. சூடு என்றாள் லோகேஸ்வரி. ஒரு ஜக் பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். முழுவதையும் குடித்தேன்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தபோது தலைமாட்டுச் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மெல்லிய கொரகொரப்பு. மேல்வீட்டுப் பைப் கசிகிறது போல.

அக்டோபர் 2, புதன்

பிளம்பர் நாகையா வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். "ஆன்டி, இந்தச் சுவத்துல பைப்பே இல்லையே. காஞ்சு கெடக்கு."

"நான் படுத்தா கேக்குதே?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் பயம் வந்தது.

அக்டோபர் 3

நாற்காலியிலேயே தூங்குகிறேன். உட்கார்ந்திருந்தால் சத்தம் வருவதில்லை.

அக்டோபர் 5, சனி

கோவிலுக்குப் போக முடியவில்லை. வாசல்வரை நடப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. மதியம் கால் கழுவிவிட்டு வந்து, தலையணையைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுப் படுத்துப் பார்த்தேன். சத்தமும் கூடவே வந்துவிட்டது! சுவரை விட்டு அவ்வளவு தூரம் தள்ளிப் படுத்திருக்கிறேன் — எப்படி வரும்? எது என் பின்னாடியே வருது?

எழுந்தேன். தரையில் மறுபடியும் அந்தக் கால்தடம், ஈரம் காயாமல். இந்தத் தடவை மின்விசிறியைப் போடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் என் காலை வைத்தேன்.

சரியாகப் பொருந்தியது.

டெங்கிலில் இருக்கும் மகள் வாணிக்குப் போன் போட்டேன். மூச்சு இரைத்ததில் பேச முடியவில்லை. அவள் கேட்டாள்: "என்னம்மா அது, தண்ணி சத்தம்? குழாயை மூடிட்டுப் பேசு."

வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.

அக்டோபர் 9, புதன், மருத்துவமனை

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. டாக்டர் தாமரை சின்னப் பெண், பொறுமைசாலி. நான் சுவர்க் கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டி, மறுமுனையை என் முதுகில் வைத்தார். "மூச்சை இழுங்க ஆன்டி."

அதே சத்தம். என் வீட்டுச் சுவர், என் முதுகுக்குள்.

உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறதாம். ஏற்கெனவே சோர்ந்துபோன இதயத்தால் அவ்வளவையும் தள்ள முடியவில்லை. ரத்தம் பின்னால் தேங்கி, தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் கசிந்திருக்கிறது. நின்றால் காலுக்கு இறங்கும், படுத்தால் நெஞ்சுக்கு ஏறும். மாத்திரை அதைத்தான் வெளியேற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர், வாணி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கரையில் இருந்துகொண்டே மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

வீடு. மாப் போட்டுவிட்டு வேண்டுமென்றே நடந்து பார்த்தேன். சின்னத் தடம், நடுவில் குழிவு. குருவிக் கால் திரும்பிவிட்டது. சிலிப்பரும் பொருந்துகிறது. கோவிலில் யாரும் எதையும் திருடவில்லை.

லோகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை ஒழுங்காகப் போடு என்றேன். "எனக்கு ஹார்ட்டெல்லாம் நல்லாருக்குக்கா. உங்களுக்குத்தான் கண்டம்" என்று திருநீறு பூசிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. மதியம் முறுக்குத் தட்டோடு லோகேஸ்வரி வந்தாள். வாசலில் சிலிப்பரைக் கழற்ற நெடுநேரம் குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"அக்கா, உங்க வீட்டுச் சுவத்துல சத்தம் கேக்குதுன்னு சொன்னீங்கல்ல? இப்ப எங்க பக்கம் வந்துருச்சு போல. படுத்தா கேக்குது."

தட்டை வாங்கிக் கீழே வைத்தேன். "உக்காரு. காலை நீட்டு" என்றேன்.

டாக்டர் எனக்குச் செய்தது போலவே, அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பள்ளம் விழுந்தது. அவள் முதலில் சிரித்தாள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து, வாணியைக் கூப்பிட்டு, உடனே காரோடு வரச் சொல்லி வைத்த பின்னும் அந்தப் பள்ளம் மூடவில்லை.