வழி தவறிப் பார்த்த வானம்

மார்ச் 4

பல வருடங்களாக மற்றவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தவள் நான். இன்று என்னுடையதைத் திரையில் பார்த்தேன். சுருங்கத் தொடங்கிய இடத்தை டாக்டர் காட்டுவதற்கு முன்பே என் கண் கண்டுபிடித்துவிட்டது. பயந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது வியப்புதான். அம்மாவின் குரல், மகள் பிறந்த அன்று பெய்த மழை, எல்லாம் இந்தச் சாம்பல் மடிப்புகளுக்குள்ளேயா இருந்தன?

மறதி நோய் என்று மகளுக்குப் போனில் சொன்னேன். “இது வயசானவங்களுக்குத்தானேம்மா வரும்?” என்றாள். ஐம்பத்திரண்டிலும் வருமாம்.

மார்ச் 19

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மரியாதையாகத்தான்.

ஏப்ரல் 2

என் கணவர் என்னை அடுப்பைத் தொட விடுவதில்லை. கடைக்காரர் என்னிடம் கேட்டால் இவர் பதில் சொல்கிறார். வெளியே போகக் கிளம்பினால் வாசலில் வந்து நிற்கிறார். அன்புதான், தெரியும். ஆனா மூச்சு முட்டுது.

ஏப்ரல் 3

நேற்று ராத்திரி சண்டை. “நீ தொலைஞ்சு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றார்.

“வீட்டுக்குள்ளயே தொலைஞ்சுக்கிட்டிருக்கேனே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

காலையில், போய் வா என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏப்ரல் 11

தொலைந்துதான் போனேன். திரும்ப வேண்டிய முனை மறந்துபோய், ரயில் பெட்டிகளை நிறுத்தும் யார்டுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

அப்போது பறவைகள். சின்னஞ்சிறு கறுப்புப் பறவைகள், வானம் கொள்ளாமல். ஒரே துணிபோல் விரிந்து, மடிந்து, சட்டென்று திரும்பி... ஒன்றுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. எப்படி? யார் சொல்லித் திரும்புகின்றன? வாயைப் பிளந்து நின்றேன். தொலைந்ததே மறந்துபோச்சு.

அப்புறம்தான் அவரைக் கூப்பிட்டேன். “எங்க இருக்கேன்னு தெரியல. தண்டவாளம் இருக்கு. வந்ததும் மேல பாருங்க.”

காலில் ஒன்று அவர் செருப்பு, ஒன்று என் செருப்பு. அப்படி ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணாந்தவர் தலையை இறக்கவேயில்லை.

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “நான் கூட இருந்திருந்தா நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

ஜூன் 20

தினமும் தனியாகப் போகிறேன். வழி தவறினால் கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் எல்லாரும் சொல்கிறார்கள். இதுவே ஓர் அதிசயம்.

நவம்பர் 8

நடுரோட்டில் நின்றுவிட்டேன். முன்னாலா, பின்னாலா? கார்க்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார். என்னைவிட அந்த மனுஷர்தான் பயந்துபோனார். பாவம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்: “இனிமே தனியா போகல. நானே முடிவு பண்ணிட்டேன்.”

“இன்னும் கொஞ்ச நாள் போயேன்” என்றார். இவரா இதைச் சொல்வது?

வேண்டாம் என்றேன். கூட வாங்க, ஆனா முன்னால நடக்கக் கூடாது.

நவம்பர் 9

தெரு முனை. எந்தப் பக்கம் என்று நினைவில் இல்லை. அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. நின்றார். நான் வலப்பக்கம் திரும்பினேன்.

மழையில் நனைந்த நீளச் சுவர் ஒன்று. வெயில் பட்டு அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இதற்கு முன் பார்த்ததேயில்லை. தினமும் பார்த்திருக்கிறேனோ என்னவோ.

இருவரும் நின்று பார்த்தோம்.