டொலிடோவுக்குத் தனியாக

சவூதியின் தம்மாம் நகரில் வளர்ந்த தன்யா, பள்ளிக்கோ கடைக்கோ காரில் யாராவது கொண்டுபோய் விடாமல் போனதேயில்லை. அந்தப் பதினேழு வயதுப் பெண், விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஸ்பெயினின் மாட்ரிட் போகும்போது ஒரு நாள் மட்டும் தனியாக ரயிலேறி, பக்கத்து ஊரான டொலிடோ பார்த்து வருவேன் என்றாள். "உன்னை எப்படிடி நம்பி அனுப்புறது?" என்று அம்மா பத்மா கேட்டதும், "நம்பிக்கை இல்லேன்னு நேரா சொல்லும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்பிய பத்மா, மகளின் அறைக்கதவு இன்னும் சாத்தியிருப்பதைப் பார்த்துச் சற்று நின்றாள். பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு எழுதினாள்.

"தன்யா, ரசம் அடுப்பு மேல இருக்கு. உருளைக்கிழங்கு ஃபிரிட்ஜுல, சூடு பண்ணிக்கோ. தண்ணி கேன் பாய் வந்தா காலி கேனைக் குடு. சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

டொலிடோ ரயில் பார்த்தேன். அரை மணி நேரந்தானாம். நீ போயிட்டு வா. அன்னைக்கு நானும் அப்பாவும் செகோவியா போறோம். கோர்டோபாவுக்கு மட்டும் மூணு பேரும் சேர்ந்து போலாம், சரியா? – அம்மா"

அதற்குப் பிறகும் மனம் கேட்கவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்: "உன்னை நம்பாம இல்ல. எனக்குத்தான் பயம். நான் மனசு மாறறதுக்குள்ள டிக்கெட் எடுத்துடு. ரயில் ஏறினதும் போன் பண்ணு, இறங்கினதும் பண்ணு."

லிஃப்ட் வரை போனவள் திரும்பி வந்தாள். போன் பண்ணச் சொன்ன வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள்: "சாயங்காலம் வந்து எல்லாத்தையும் சொல்லு, போதும்."