இழுப்பறையில் பூட்டிய இரண்டு மாற்றுச் சான்றிதழ்கள்

அனுப்புநர்:
திருமதி ஜெயபுஷ்பம் ஜேக்கப்,
கஸ்பா, ஆம்பூர்,
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: கென்யா நாட்டில் என் பிள்ளைகள் எந்தத் தொடக்கப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதை ஆம்பூரில் இருக்கும் பள்ளித் தாளாளர் முடிவு செய்துகொண்டு, மாற்றுச் சான்றிதழ் தர மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. என் மகள் சுகிர்தா ஐந்தாம் வகுப்பிலும், மகன் சாலமோன் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது இங்குள்ள ஒரு தோல் பதனிடும் டேனரியின் முதலாளிகள் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. என் கணவர் ஜேக்கப் அதே டேனரியில், தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய டிரம்களைக் கவனிக்கும் மேஸ்திரியாக இருந்தவர். முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து கென்யாவில் தீக்கா என்னும் ஊரில் புதிய டேனரி தொடங்கியபோது அவரை அங்கே அனுப்பினார்கள். நானும் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் புறப்பட வேண்டும். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதனால் அக்டோபர் மாதமே மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

2. தலைமையாசிரியர் திரு. ஐசக் அவர்கள் இரண்டு சான்றிதழ்களையும் அழகாக எழுதி முடித்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த நேரத்தில் தாளாளர் திரு. ரத்தினசாமி அவர்களிடமிருந்து ஆள் வந்தது. பேனா மூடப்பட்டது. சான்றிதழ்கள் மேசை இழுப்பறைக்குள் போய்ப் பூட்டப்பட்டன. தலைமையாசிரியர் மேல் எனக்குக் குறை இல்லை. ஓய்வு பெறும் நாளை எதிர்பார்த்திருக்கும் மனிதர், கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர். அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

3. தாளாளர் சொல்லும் நிபந்தனை இதுதான். தீக்காவில் டேனரி வளாகத்துக்குள் கம்பெனியே ஒரு பள்ளி ஆரம்பித்திருக்கிறது. என் பிள்ளைகளை அதில்தான் சேர்ப்பேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் அன்று மாலையே சான்றிதழ் கைக்கு வருமாம். நானும் என் கணவரும் தேர்ந்தெடுத்திருப்பது ஊருக்குள் இருக்கும் அரசாங்கப் பள்ளி. அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. ஒரு தாய் கடல் தாண்டிப் போய்த் தன் பிள்ளையை எங்கே சேர்க்கிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் விதி எந்த அரசாணையில் இருக்கிறது என்று தாங்கள்தான் எனக்குக் காட்ட வேண்டும்.

4. ஏன் அந்த அரசாங்கப் பள்ளி என்று தாங்கள் கேட்கலாம். ஆம்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் தண்ணீர் வசதியை விசாரிப்பதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றுதான் விசாரிப்பார்கள். நாங்கள் வெளிநாட்டில் பள்ளி பார்த்ததும் அப்படித்தான். என் கணவர் இரண்டு பள்ளிகளின் வாசலிலும் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறார். கம்பெனிப் பள்ளி, தோலை ஊறப் போடும் சுண்ணாம்புக் குழிகளுக்குப் பின்னால் ஒரே அறை. பாடம் நடத்துபவர் கணக்கரின் மனைவி. நல்ல பெண்மணி, ஆனால் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. ஊர்ப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், ஆங்கிலத்தோடு அந்த ஊர் மொழியும் சொல்லித் தருகிறார்கள். இங்கே என் பிள்ளைகள் படிக்கும் அறையின் மேற்கு ஜன்னல்கள் ஆணி அடித்து மூடப்பட்டவை என்பதை ஆய்வுக்கு வந்த தங்கள் அலுவலர்கள் பார்த்திருப்பார்கள். திறந்தால் டேனரி நாற்றத்தில் சோறு இறங்காது. அதே நாற்றத்துக்குள் மறுபடி உட்கார வைக்கவா பிள்ளைகளை விமானம் ஏற்றுகிறேன்?

5. தாளாளரை நேரில் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், காபி கூடக் கொடுத்தார். இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால்தான் கம்பெனிப் பள்ளிக்கு அந்த நாட்டு அரசாங்கம் அங்கீகாரம் தரும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அங்கே போகிற மற்ற குடும்பங்கள் பிள்ளைகளை இங்கே ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகின்றன. கூடவே கூட்டிப் போகிறவள் நான் என்பதால் என் பிள்ளைகள் அவருக்கு எண்ணிக்கை. நான் மறுத்ததும் அவர் சொன்னது இது: "நம்ம புள்ளைங்க அந்த ஊர்ப் பசங்களோட உக்கார வாணாம்மா. தனியா நம்ம ஸ்கூல்னு ஒண்ணு இருக்குல்ல."

6. இதில் ஒரு வேடிக்கை உண்டு ஐயா. தீக்கா டேனரியின் மேனேஜர் இந்தத் தாளாளரின் உடன்பிறந்த தம்பி. அந்தத் தம்பியின் பிள்ளைகளைக் காலையில் கம்பெனி ஜீப் எங்கே இறக்கிவிடுகிறது என்று என் கணவர் பார்த்து எழுதியிருக்கிறார். நாங்கள் கேட்கும் அதே ஊர்ப் பள்ளியில்தான். அந்த ஊர்ப் பசங்களோடுதான் அவர்கள் உட்காருகிறார்கள், விளையாடுகிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். அப்படியென்றால் தாளாளர் பயப்படுவது அந்த ஊர்ப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் கலப்பதற்கு அல்ல. மேனேஜர் பிள்ளையும் மேஸ்திரி பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவதற்குத்தான்.

7. தாளாளர் சொன்ன அந்த 'தனியா'வை நான் முதல் முறையாகக் கேட்கவில்லை. பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் கிராமத்துப் பள்ளியில் என்னை முதல் நாள் கொண்டுபோய் விட்டபோது, சேரிப் பிள்ளைகளுக்கென்று கதவோரம் ஒரு சாக்கு விரித்திருந்தது. "அதுங்க தனியா உக்காரட்டும்" என்று அந்த வாத்தியாரும் இதே அன்போடுதான் சொன்னார். ஐந்து வகுப்பையும் அந்தச் சாக்கிலேயே முடித்தேன். அன்று என் அப்பாவுக்கு மனு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். என் மகளுக்கு இன்னொரு சாக்கை, அதுவும் கடலுக்கு அப்பால், நானே கையெழுத்துப் போட்டு விரிக்க மாட்டேன்.

8. இப்படிப் பிடிவாதம் பிடித்தால் ஜேக்கப்பைத் திருப்பி அழைக்க வேண்டியிருக்கும் என்று தாளாளர் தரப்பில் சொல்லி அனுப்பினார்கள். பயந்தேன், மறைக்கவில்லை. இரண்டு நாள் சமையல் கூடச் சரியாகச் செய்யவில்லை. கணவருக்கு எழுதிக் கேட்டேன். டிரம் சுற்ற ஆள் கிடைப்பது சுலபம் இல்லை, அவர்களுக்கும் அது தெரியும், நீ மனுவைப் போடு என்று பதில் வந்தது. போடுகிறேன்.

9. சான்றிதழ் இல்லாமலும் பிள்ளைகளை எடுத்துக்கொள்வதாக ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் எந்த வகுப்பு முடித்தார்கள் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் இருவரையும் முதல் வகுப்பில்தான் வைக்க முடியுமாம். நாலு வகுப்பைப் படித்துத் தேறிய பெண் மறுபடி அரிச்சுவடியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சுகிர்தாவிடம் இதை மறைக்காமல் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன். "உக்கார்றேம்மா. அங்க ஜன்னல தொறந்து வெப்பாங்கதானே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சம்மதித்துவிட்டாள் என்பதற்காக நான் சம்மதிக்க முடியாது.

10. ஆகவே, இழுப்பறையைத் திறந்து இரண்டு சான்றிதழ்களிலும் நிபந்தனை எதுவும் இல்லாமல் கையெழுத்திட்டுக் கொடுக்கும்படி பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ் என்பதால் அவற்றில் தாங்கள் மேலொப்பமும் இட்டுத் தர வேண்டும். தயவு என்று கேட்கவில்லை. என் பிள்ளைகள் படித்த படிப்புக்கு உரியதைக் கேட்கிறேன்.

வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு, பதில் வாங்க இரண்டு பிள்ளைகளோடும் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம். எங்களுக்கென்று தனி இடம் எதுவும் ஒதுக்க வேண்டாம். எல்லாரும் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்போம்.

இடம்: ஆம்பூர்
நாள்: 23.11.1981

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஜெயபுஷ்பம் ஜேக்கப்