அஞ்சலை வாங்காதது

மார்ச் 4, திங்கள்

வெயில். காற்று இல்லை. பாத்தியில் உப்பு நன்றாக விளைந்திருக்கிறது. காலையில் ஆறு பாத்தி வாரினேன். இப்போது மதியம். கொட்டகை நிழல்.

இது என் நோட்டு. முதியோர் கல்வி வகுப்பில் டீச்சர் கொடுத்தார். முடிந்தபோதெல்லாம் நாலு வரி எழுதச் சொன்னார். என் பெயர் ஏழுமலை. வயது அறுபத்தெட்டு. பெயரில் ழ இருக்கிறது. என் பெயருக்குள் இவ்வளவு கடினமான எழுத்து இருப்பது இத்தனை நாள் எனக்கே தெரியாது. இப்போது அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

கோவிந்தன், உப்பளத்தில் என்னோடு நாற்பது வருடம் வேலை செய்பவன், எட்டிப் பார்த்தான்.

“ஏம்பா, கலெக்டர் ஆவப் போறியா?”

“ஆவறேன். மொத நோட்டீசு உனுக்குத்தான்.”

இந்த நோட்டு வீட்டுக்குப் போகாது. கொட்டகையில் பலகை இடுக்கில் இருக்கும். மகள் தேவி பார்த்தால் பிழை பிடிப்பாள்.

மார்ச் 6, புதன்

அதே வெயில். காலில் புண், இடது பெருவிரல்.

22ஆம் தேதி பேங்குக்குப் போக வேண்டும். வீட்டுக் கடனுக்குக் கடைசிப் பணம். புயலில் கூரை போனபோது பத்திரத்தை வைத்து வாங்கித் தளம் போட்டோம். பதினைந்து வருடக் கடன். ஒன்பதில் முடிகிறது.

தேவியின் யோசனை. குயிலாப்பாளையத்தில் ஒரு கடையில் வேலை அவளுக்கு. போனில் கணக்குப் போட்டுக் காட்டினாள். “மாசா மாசம் கட்றதுல பாதி வட்டிக்கே போவுதுப்பா. கைல கெடைக்கறத எல்லாம் முன்னாடியே கட்டுங்க. கொஞ்ச நாளைக்கு வாயக் கட்டுங்க, வயித்தக் கட்டுங்க.” நான் தலையாட்டினேன். அஞ்சலை பிடித்துக்கொண்டாள்.

அஞ்சலை என் மனைவி. போன ஆடியில் போய்விட்டாள். வயிற்று வலி.

பிடித்துக்கொண்டாள் என்றால்: டீயில் சர்க்கரை இல்லை. மீன் ஞாயிறு மட்டும், அதுவும் மீன்காரம்மா கூடையைக் கவிழ்க்கும் நேரத்தில். மின்விசிறி தேவி வந்தால் மட்டும். அளத்துக்குப் போக வர நடை.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். தினமும் ஒரு நோட்டில் எழுதுவாள். செலவுக் கணக்கு என்று நினைத்திருந்தேன். இன்று பெட்டியிலிருந்து எடுத்து வந்து எழுத்துக் கூட்டினேன். முதல் வரிக்குக் கால் மணி நேரம் ஆனது.

மல்லி ஒரு முழம் வாங்கல.

அடுத்தது: முறுக்கு வாங்கல. அடுத்தது: முகப்பவுடர் வாங்கல.

புரட்டிப் பார்த்தேன். நோட்டு முழுக்க அப்படித்தான். வாங்கினது ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டதை எழுதிவிட்டு, அதற்கான காசைக் கடன் கட்டும் டப்பாவில் போட்டிருக்கிறாள். ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெரியாது.

மார்ச் 10, ஞாயிறு

மேகம். மழை வந்தால் விளைந்தது எல்லாம் கரையும். வரவில்லை. பாத்திக்குத் தண்ணீர் விட மட்டும் வந்தேன். சாயங்காலம் வகுப்பு.

தினம் ஒரு பக்கம் படிக்கிறேன். பள்ளிப் புத்தகத்தைவிட இது எளிது. வாங்கல, வாங்கல என்றே வருவதால் பாதி வரி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

குடை வாங்கல.
பலாச்சுளை வாங்கல. வாசன புடிச்சிட்டு வந்துட்டேன்.
கண்ணாடி வளையல் வாங்கல. தேவி வாணாம்னு சண்ட.

பலாச்சுளைக்குச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மாறி இருக்கிறது. “அவருக்கு செருப்பு. வாங்கிட்டேன்.” இரண்டு கோடு போட்டிருக்கிறாள் அடியில். அந்தச் செருப்புதான் கொட்டகை வாசலில் கிடக்கிறது. பாத்தியில் இறங்கக் கழற்றி வைத்தது.

மார்ச் 13, புதன்

வெயில். மூன்று சாக்கு கட்டினோம்.

பொறுமை இல்லை. நடுவில் நிறையத் தாண்டிவிட்டேன். கடைசிப் பக்கங்களில் எழுத்து சாய்ந்து போகிறது. இன்று ஒரு வரி விளங்கவில்லை. முதலில் ஓர் எழுத்து, எனக்குத் தெரியாதது. தலையில் புள்ளி. பேனா எழுதாமல் கிறுக்கிப் பார்த்திருப்பாள். அதைத் தாண்டிப் படித்தேன்.

கேன் எடுக்கல.

தண்ணீர் கேன்! இங்கே நிலத்துத் தண்ணீர் உப்பு. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கேன் இறங்கும். எங்கள் வீட்டில் இல்லை. பொதுக்குழாய்க்குக் குடம் எடுத்துப் போவாள். “அது இன்னாங்க, தண்ணிக்கிப் போயி துட்டு?” என்பாள். ஆனாலும் ஆசை இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் எடுத்திருப்பேனே.

கோவிந்தனிடம் சொன்னேன்.

“தண்ணியக் கூட கணக்கு வச்சிருக்குது பாரு ஒன் பொண்டாட்டி! கெட்டிக்காரி.”

“ஆமாம்பா.”

கையெழுத்துப் பழகினேன். பக்கத்துக்குப் பத்து. 22ஆம் தேதி கைநாட்டு வைக்க மாட்டேன்.

மார்ச் 18, திங்கள்

நேற்று வகுப்பில் புது எழுத்து நாலு. ஜ ஷ ஸ ஹ.

“இதெல்லாம் விருந்தாளி எழுத்துங்க ஐயா. ஜன்னல்ல ஒண்ணு வரும், பஸ்ஸுல ஒண்ணு வரும்” என்றார் டீச்சர். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நாள் ஏறி இறங்கிய பஸ்ஸை இன்றுதான் எழுதுகிறேன். பஸ். பஸ். பஸ்.

மூன்றாவது பஸ்ஸில் கை நின்றது. அந்தப் புள்ளி. பார்த்த எழுத்து.

வீட்டுக்குப் போய் அவள் நோட்டை எடுத்து வந்தேன்.

ஸ். கே. ன்.

ஸ்கேன் எடுக்கல.

போன வருடம் மாசி. வயிறு வலிக்கிறது என்றாள். புதுச்சேரிக்குப் போனோம். அவள் மட்டும் டாக்டர் அறைக்குள் போனாள். நான் வெளி பெஞ்சில். வரும்போது கையில் ஒரு சீட்டு.

“இன்னா எழுதியிருக்குது?”

“வாயுவாங்க. இஞ்சி இடிச்சு சாப்புட சொன்னாரு.”

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதே பஸ்ஸில் திரும்பினோம். மரக்காணத்தில் இறங்கியதும் நேரே பேங்குக்கு நடந்தாள். நோட்டில் அடுத்த வரி அதுதான்: பேங்க்ல கட்டியாச்சு.

மூன்று மாதம் இஞ்சி இடித்துக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள்.

மார்ச் 19, செவ்வாய்

வரப்பு உடைந்து ஒரு பாத்தி வீண். சரி செய்தேன். கோவிந்தன் கேட்டான், “இன்னாபா நோட்டு எடுக்கல இன்னைக்கி?” உப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

மார்ச் 20, புதன்

இன்று வகுப்பு. போக மாட்டேன்.

படிக்கக் கற்றிருக்க வேண்டாம். இல்லை. முப்பது வருடம் முன்னால் கற்றிருக்க வேண்டும். அந்தச் சீட்டை நானே வாங்கிப் படித்திருப்பேன்.

தேவிக்குச் சொல்வதா? அம்மா ஏன் முன்னாலேயே டாக்டரிடம் காட்டவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொன்னால் அவளுக்கு ஒன்றுதான் காதில் விழும். வாயக் கட்டுங்க, வயித்தக் கட்டுங்க.

மார்ச் 23, சனி

காற்று. நேற்று நடந்தது எல்லாம் இங்கே.

பேங்க். தேவி லீவு போட்டு வந்தாள். பணம் கட்டினோம். கடைசித் தாளில் பேங்க்காரத் தம்பி மைப்பெட்டியை நகர்த்தினார்.

“பழைய பாரத்துல கைநாட்டு இருக்குது பெரியவரே. அதே வைங்க.”

தேவி விடவில்லை. “சார், எங்கப்பா இதுக்குன்னே படிச்சிட்டு வந்துருக்காரு.”

கடைசியில் கைநாட்டு வைத்து, பக்கத்தில் கையெழுத்தும் போடச் சொன்னார். உப்பு தின்ற விரல், ரேகை மங்கல். கையெழுத்துதான் தெளிவு. ஏழுமலை. ழ நன்றாக வந்தது. மேலே பழைய தாளில் அஞ்சலையின் கையெழுத்து. அதையும் படித்தேன்.

பத்திரம் கைக்கு வந்தது. இவ்வளவுதான் கனம்.

வீட்டில் தேவி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தாள். பத்திரத்தை வைக்கப் பெட்டியைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

“அம்மா நோட்டா அது? என் கை நாறுது. நீயே படிப்பா. கெவுருமெண்டு படிப்பு எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்.”

படித்தேன். மல்லி. முறுக்கு. பலாச்சுளைக்கு அவளும் சிரித்தாள். வளையலுக்குக் குனிந்து மீனை ஆய்ந்தாள்.

“கடசிப் பக்கத்துல இன்னா எழுதியிருக்குது?”

எழுத்துக் கூட்டுவது போல நேரம் எடுத்துக்கொண்டேன்.

“கே... ன். கேன் எடுக்கல.”

“தண்ணி கேனா? அய்யோ, செம கஞ்சம்பா அம்மா!” சிரித்தாள். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். “நான்தானேப்பா சொன்னேன், வாயக் கட்டுங்கன்னு. ஒரு கேன் தண்ணி கூட குடிக்காம...”

“கேன் தண்ணியில ருசியே இல்லம்மா. அவளுக்குக் கொழாத் தண்ணிதான் புடிக்கும்.”

சோறு சாப்பிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள். “அந்த நோட்ட அடுத்த வாரம் குடுப்பா. நான் வச்சிக்கறேன்” என்றாள் போகும்போது.

பேனா எடுத்தேன். ஸ் மேல் மட்டும் மை வைத்தேன். காய்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்.

கேன் எடுக்கல.